தீட்டிய கத்தி நிஜமாகவே கூர்தானா? வீட்டிலேயே சோதிக்க முழுமையான வழிகாட்டி

சாணை பிடித்து வாங்கிய கத்தி முதல் நாள் வெங்காயத்தை அநாயாசமாக நறுக்கும். நாலாம் நாள் பழையபடி தக்காளித் தோலில் வழுக்கும். சாணைக்காரரை மனசுக்குள் திட்டிவிட்டு, அவர் குரல் மறுபடி தெருவில் கேட்கும்வரை காத்திருப்போம். குறையில் பாதி அவருடையதாக இருக்கலாம். மீதிப் பாதி, கத்தியை வாங்கியதும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிக் காசைக் கொடுத்து அனுப்பிவிடும் நம்முடையது.

கட்டைவிரல் சுலபமாக ஏமாறும். கத்தியைக் கல்லில் தேய்க்கத் தேய்க்க அதன் வாய் மெலியும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த மெல்லிய ஓரம் தேய்வதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் மடங்கிக்கொள்ளும். மடங்கி நிற்கும் அந்த உலோக இழைதான் பிசிறு. சேலத்து லேத் பட்டறைகளில் கடைசல் முடிந்த துண்டின் ஓரத்தில் நிற்கிறதே, அதே சங்கதிதான். கத்தியில் நிற்பது அதைவிட மெல்லியது. பிசிறும் வெட்டும். காகிதத்தைக் கிழிக்கும், கை முடியைக்கூட மழிக்கும். ஆனால் பலகையில் கொஞ்ச நேரம் தட்டுப்பட்டதும் சுருண்டோ ஒடிந்தோ போய், அடியில் மொண்ணையான வாயை மட்டும் விட்டுவைக்கும். அதனால் முதலில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். கூர் எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி. கீழே உள்ள வரிசை அப்படி அமைத்ததுதான். மாற்றாமல் செய்தால் நல்லது.

தேவையானவை எல்லாம் வீட்டில் இருப்பவைதான்: மொபைல் டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு பிளாஸ்டிக் பேனா, தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், பழுத்த தக்காளி, அடையாளம் வைக்க ஒரு ஸ்கெட்ச் பேனா.

முதலில் கழுவுங்கள்

கல்லில் தேய்த்த கத்தியில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருக்கும். கல்தூளும் இரும்புத்தூளும் எண்ணெயோ தண்ணீரோ கலந்த சேறு அது. அதோடு சோதித்தால் விரலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, துணியை முதுகுப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக இழுத்துத் துடையுங்கள். நீளவாக்கில் இழுத்தால் துணி அறுபடும், பின்னாலேயே விரலும். பட்டறையில் அடித்த இரும்புக் கத்தியென்றால் ஈரம் துளியும் நிற்கக் கூடாது; பேசிக்கொண்டிருக்கும்போதே துருப் பிடித்துவிடும். குழந்தைகள் ஓடியாடும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

வெளிச்சத்தில் பார்ப்பது

டியூப்லைட் வெளிச்சம் இதற்கு ஆகாது. அது எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் எதையும் காட்டிக்கொடுக்காது. அறையைக் கொஞ்சம் இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கத்தியின் வாய் மேலே பார்க்க, நுனி உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கப் பிடித்து, மெதுவாக இப்படியும் அப்படியும் சாயுங்கள்.

கூரான வாய்க்கு அகலமே கிடையாது என்று சொல்லலாம். ஒளியைத் திருப்பி அனுப்ப அங்கே இடமில்லை, ஆகவே அது கறுப்பாகத் தெரியும். மழுங்கிய இடத்தில் சின்னதாக ஒரு தட்டைப் பரப்பு இருக்கும். அது பளிச்சென்று மின்னும். புள்ளியாக மின்னினால் அங்கே ஒரு பொத்தல் அல்லது பல். நீளக் கோடாக மின்னினால் அந்தப் பகுதி முழுவதும் கல் எட்டவில்லை. மின்னும் இடங்களுக்கு நேராக அலகில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். பிடியை ஒட்டிய அரை அங்குலத்தையும் நுனி வளைவையும் விட்டுவிடாமல் பாருங்கள். தீட்டுபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடங்கள் இந்த இரண்டும்தான், சுழலும் சக்கரத்தில் பிடிப்பவர்கள் இன்னும் அதிகம்.

கண் மங்கலாக இருந்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கேட்டுப் பாருங்கள். கொலுசு வேலைக்கு ஆகும் கண்ணாடி கத்தி வாய்க்கும் ஆகும்.

இந்தப் படியில் மின்னல் தெரிந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம். கத்தி மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

பிசிறைத் தேடுவது

இங்கே நிதானம் வேண்டும். கட்டைவிரலின் சதைப் பகுதியை அலகின் பக்கவாட்டில் வைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கித் தடவி, வாயைத் தாண்டி வெளியே போகவிடுங்கள். எதிர்த்திசையில் ஒருபோதும் தடவாதீர்கள். பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கம். பிசிறு இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக விரல் வெளியேறும். இருந்தால், ஏதோ ஒரு பக்கம் கடைசி நொடியில் ஒரு சின்னக் கொக்கி விரலைப் பிடித்து விடுவது போல் இருக்கும். பிசிறு எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் உராயும். சில சமயம் அலகின் பாதி தூரம் வலப்பக்கமாகவும் மீதி இடப்பக்கமாகவும் மடங்கியிருக்கும்; ஆகவே மூன்று நான்கு இடங்களில் தடவிப் பாருங்கள்.

விரலுக்குத் தெரியாத பிசிறைப் பஞ்சு சொல்லும். ஒரு சிட்டிகைப் பஞ்சை அதே மாதிரி முதுகிலிருந்து வாய்க்கு இழுங்கள். ஓரத்தில் ஓரிரு இழை சிக்கித் தொங்கினால் அங்கே பிசிறு நிற்கிறது.

எடுப்பது எப்படி? கல்லின் மழமழப்பான பக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, வாய் முன்னால் போகும்படி தள்ளுங்கள். அழுத்தம் ஒவ்வொரு தள்ளுக்கும் குறைந்துகொண்டே வரவேண்டும். கடைசி இரண்டு மூன்றில் கத்தியின் சொந்த எடை போதும். நல்ல கல் இல்லாத வீட்டில் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பளபளப்பு ஏறாத அந்தச் சொரசொரப்பான வளையத்தில் இழுக்கலாம். அப்புறம் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்திலோ, மரப்பலகையில் விரித்த நாலு மடிப்பு நாளிதழிலோ, இந்த முறை வாய் பின்னால் வரும்படி சில இழுப்பு. முடிதிருத்தும் கடைகளில் சவரக்கத்தியைத் தோல் வாரில் தீட்டுவார்களே, அதே திசை. மறுபடி பஞ்சு வையுங்கள்.

இன்னும் சந்தேகமென்றால் ஒரு முரட்டு வழி உண்டு. காலண்டர் தாளை ஒரு முறை வெட்டிப் பாருங்கள். உடனே கத்தி வாயை ஒரு மெத்தென்ற மரத்துண்டில் எடை போடாமல் இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு, அதே இடத்தால் மறுபடி தாளை வெட்டுங்கள். முதலில் சுத்தமாக வெட்டியது இப்போது இழுத்துக் கிழித்தால், நீங்கள் கூர் என்று நினைத்தது பிசிறைத்தான். மரம் அதைப் பிடுங்கிவிட்டது. நாலு நாளில் தெரிய வேண்டியது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

விரலும் பேனாவும்

கட்டைவிரலை வாய்க்குக் குறுக்காக, அதாவது அலகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, லேசாக நகர்த்திப் பார்ப்பது பழைய பழக்கம். பிசிறு இல்லை என்று உறுதியான பிறகுதான் இதற்கு மதிப்பு. கூரான வாய் விரல்ரேகைகளில் சொரசொரவென்று சிக்கும், மழுங்கியது வழுக்கும். நீளவாக்கில் நகர்த்தினால் ரத்தம்தான் வரும், விவரம் எதுவும் வராது.

நகத்தில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. நகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் பேனாவின் வழவழப்பான உடலைப் பயன்படுத்துங்கள். அதே செய்தியை ஆபத்தில்லாமல் சொல்லும். பேனாவைச் சாய்த்துப் பிடித்து, கத்தி வாயை அதன்மேல் சொந்த எடையில் வையுங்கள். கூராக இருந்தால் பிடித்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் சறுக்கி இறங்கும். பிடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு முறை.

காலண்டர் தாள்

எல்லாரும் ஏ4 தாளை வெட்டிக் காட்டி வீடியோ போடுகிறார்கள். ஏ4 தாள் சதுர மீட்டருக்கு 75 முதல் 80 கிராம் வரை இருக்கும், விறைப்பானது. சுமாரான கத்திகூட அதை வெட்டிவிடும். நாளிதழ்த் தாள் ஏறக்குறைய 45 கிராம்தான். மெல்லியதாகவும் தொளதொளவென்றும் இருப்பதால் கத்தியின் குறையை மறைக்காது. தினசரி காலண்டரின் தாளும் அப்படித்தான், கைக்கு அடக்கமான அளவு வேறு. நேற்றைய ராசிபலனுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

வெட்டுவதற்கு முன் தாளைக் கையால் இரு திசைகளிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும், மற்றதில் கோணலாகப் போகும். ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் படிந்துவிடுவதால் வரும் வித்தியாசம் இது. நேராகக் கிழியும் திசையில் வெட்டுவது எந்தக் கத்திக்கும் சுலபம். குறுக்குத் திசையில் வெட்டுங்கள், அதுதான் பரீட்சை.

தாளின் மேல் ஓரத்தை ஒரு கையில் தொங்கவிட்டுப் பிடித்து, விரலுக்கு மூன்று அங்குலமாவது தள்ளி, பிடியை ஒட்டிய இடத்தை ஓரத்தில் வைத்து, நுனிவரை ஒரே இழுப்பில் கீழ்நோக்கி இழுங்கள். அழுத்த வேண்டாம். கண்ணைவிடக் காது இங்கே நம்பகமானது. நல்ல வாயென்றால் ஒரே சீரான 'ஸ்ஸ்' சத்தம். நடுவில் 'டர்' என்று ஒரு தடங்கல் கேட்டால், அலகில் அந்த இடத்தைப் பார்த்து அடையாளம் போடுங்கள். ஏற்கெனவே டார்ச்சில் மின்னிய இடமாக இருந்தால் விஷயம் உறுதி. மூன்று தாள் வெட்டியும் அதே இடத்தில் சிக்கினால் அங்கே பல் போயிருக்கிறது.

இதில் தேறிய கத்தி சமையலுக்குப் போதும். இன்னும் கடினமான பரீட்சை வேண்டுமென்றால், இழுக்காமல் நேராகக் கீழே தள்ளி மட்டும் தாளை வெட்டிப் பாருங்கள். அதற்கும் மேலே டிஷ்யூ பேப்பர் இருக்கிறது. அதை வெட்ட முடியவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

அரிவாள்மணைக்கு முறை கொஞ்சம் மாறும். அங்கே கத்தி நிற்கிறது, பொருள்தான் போகிறது. பலகையைக் காலால் நன்றாக அழுத்திக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்து, வாயின்மேல் முன்னோக்கித் தள்ளுங்கள். வளைவின் மேல்பகுதி, நடு, அடி என்று மூன்று இடங்களில். நடுப்பகுதி மட்டும் சிக்கி, தேங்காய்த் துருவிக்குப் பக்கத்தில் உள்ள மேல்பகுதி நன்றாக வெட்டினால் ஆச்சரியமில்லை. தினமும் வேலை செய்வது நடுதான்.

காய்கறிப் பலகையில்

தக்காளியில் நாட்டுத் தக்காளியைவிட ஹைப்ரிட் நல்லது, தோல் தடிமனாகவும் வழுக்கலாகவும் இருப்பதால். தலைவாசல் சந்தையிலிருந்து வருவதோ தெருவோரத் தள்ளுவண்டியில் வாங்கியதோ, நன்றாகப் பழுத்து லேசாகத் தளர்ந்த காயாக எடுங்கள். பலகையில் வைத்து, கையால் பிடிக்காமல், கத்தியைத் தோல்மேல் வைத்து மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். தோல் அமுங்காமல் பிளந்தால் சரி. தோல் குழிந்து, அப்புறம் 'பொத்'தென்று வெடித்தால் கத்தி வெட்டவில்லை, நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள்.

சில கத்திகள் காகிதத்தை அழகாக வெட்டிவிட்டுத் தக்காளியில் தோற்கும். மிக நைசான கல்லில் ரொம்ப நேரம் தேய்த்து வழவழவென்று ஆக்கிய வாய்க்கு இந்தக் குணம் உண்டு. தக்காளித் தோலைக் கடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். அப்படிப்பட்ட கத்தியை நடுத்தரக் கல்லில் நாலைந்து லேசான தள்ளு கொடுத்தால் திருந்திவிடும்.

வெங்காயம் வேறு விதமாகப் பேசும். தட்டுவடை செட் போடும் கடைகளில் கவனித்திருப்பீர்கள்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயம். அந்த வெங்காயம் நீர் விட்டால் தட்டுவடை நமத்துப்போகும். மழுங்கிய கத்தி வெங்காயச் செல்களை வெட்டாமல் நசுக்குகிறது. சாறும் வெளியே வரும், கண்ணைக் கரிக்கும் வாயுவும் கூடுதலாகக் கிளம்பும். ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பலகையிலேயே ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, ஒதுக்கிப் பாருங்கள். அடியில் குளம் கட்டியிருந்தால் கத்தியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மல்லித்தழையும் இதே வேலையைச் செய்யும்: பலகையில் பச்சைக் கறை படிந்து, நறுக்கிய தழையின் ஓரம் கறுத்தால் அது நசுங்கிய தழை.

கேரட்டிலும் பீட்ரூட்டிலும் ஒரு குழப்பம் வரும். காகிதமும் தக்காளியும் தேறிய கத்தி, கேரட்டின் பாதியில் மாட்டிக்கொண்டு 'டக்'கென்று பிளக்கும். கூர் குறையவில்லை, வாய்க்கு மேலே அலகு தடிமனாக இருக்கிறது. வருடக்கணக்காகத் தீட்டித் தேய்ந்த கத்திகளில் இது சகஜம். எவ்வளவு கூர் ஏற்றினாலும் சரியாகாது, பக்கவாட்டில் சீவி மெலிதாக்க வேண்டும்.

மலைமேல் கதை வேறு. ஏற்காட்டில் காபி அறுவடை முடிந்து கவாத்து செய்யும் (கிளைகளை வெட்டிவிடும்) நேரத்தில், கவாத்துக் கத்தியைக் காகிதத்தில் சோதித்து ஒன்றும் ஆகப் போவதில்லை. சுண்டுவிரல் கனத்தில் ஒரு பச்சைக் குச்சியைச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டி, வெட்டு முகத்தைப் பாருங்கள். வழவழவென்று ஈரமாகப் பளபளத்து, பட்டை கட்டையோடு ஒட்டி நின்றால் நல்ல கத்தி. பட்டை நார் நாராக உரிந்து தொங்கினால் கத்தி மழுங்கல். அந்தக் காயம் ஆற நாளாகும், பூஞ்சைக்கும் அதுவே வாசல். கறிவெட்டும் கத்திக்கும் தேங்காய் வெட்டும் அரிவாளுக்கும் டிஷ்யூ பேப்பர் வெட்டும் அளவுக்குக் கூர் ஏற்றினால் முதல் எலும்பிலேயே, முதல் ஓட்டிலேயே வாய் போய்விடும். அவற்றுக்கு ஏ4 தாள் தேறினால் தாராளம்.

கை முடி மழிக்கும் சோதனை

பலருக்கு இதுதான் கடைசித் தீர்ப்பு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பிசிறு நின்ற கத்தியும் முடியை மழிக்கும். தக்காளியில் வழுக்கும் மழமழப்பான கத்தியும் மழிக்கும். நமக்குத் தெரிய வேண்டிய இரண்டையும் அது சொல்வதில்லை. தோலைக் கீறிக்கொண்டதுதான் மிச்சமாகும். தொங்கும் ஒற்றை முடியை வாயில் தொட்டுத் துண்டாக்குவது சவரக்கத்திக்காரர்களின் சோதனை. அங்கே அது நியாயம், சமையலறையில் வேண்டாம்.

எண் கேட்பவர்களுக்கு

கூரை எடையாலும் அளக்கலாம். அளவான ஒரு செயற்கை நூலை இழுத்துக் கட்டி, அதை அறுக்கக் கத்திமேல் எத்தனை கிராம் அழுத்தம் தேவை என்று பார்க்கும் பெஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் புது சவர பிளேடு ஏறக்குறைய 50. எண் கூடக் கூட மழுங்கல். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள காட்ரா என்ற ஆய்வு நிறுவனத்தின் இயந்திரம், மணற்சத்து கலந்த அட்டைக் கட்டைக் கத்தியால் திரும்பத் திரும்ப அறுத்து, முதல் கூரையும் அது எவ்வளவு தாங்குகிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. ஷெஃபீல்டுக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சேலத்தில் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் வட்டாரத்து இரும்புத்தாதைப் பரங்கிப்பேட்டையில் உருக்கிப் பார்த்தவர். பிறகு ஷெஃபீல்டு போய் 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

நம் வீட்டில் டிஜிட்டல் தராசு போதும். ஒரு டம்ளரின் வாய்க்குக் குறுக்கே நூலை விறைப்பாகக் கட்டி, தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கத்தி வாயை நூலின்மேல் வைத்து, இழுக்காமல் நேராக, மெல்ல மெல்ல அழுத்துங்கள். நூல் அறும் நொடியில் தராசு காட்டும் எண்ணைப் பிடிக்க வேண்டும். கண்ணால் பிடிப்பது கஷ்டம், மொபைலில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். அம்மாப்பேட்டைத் தறி நூலோ தையல் நூலோ எதுவானாலும் சரி, எப்போதும் அதே நூற்கண்டு, அதே டம்ளர், அதே விறைப்பு. முதலில் புது பிளேடை வைத்து ஒரு எண் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியின் எண்ணை அதோடு மட்டும் ஒப்பிடுங்கள். வேறு யாருடைய எண்ணோடும் அது பொருந்தாது.

எத்தனை தீட்டினாலும் தேறாத கத்தி

சில கத்திகள் எல்லாப் படியிலும் தோற்கும். கோணம் மாறிக்கொண்டே தீட்டினால் வாய் உருண்டுவிடும். டார்ச் அதைக் காட்டியிருக்கும். கோணமும் சரி, பிசிறும் போயாச்சு, ஆனாலும் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை என்றால் எஃகையே பாருங்கள். ஸ்டெயின்லெஸ் என்றாலே நமக்குச் சேலம் உருக்காலை ஞாபகம் வரும், ஆனால் ஸ்டெயின்லெஸ் எல்லாம் ஒன்றல்ல. பாத்திரங்களுக்குப் போகும், 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. கத்திக்கு வேண்டியது காய்ச்சித் தோய்த்தால் இறுகும் வேறு வகை. ஒரு காந்தத்தை அலகில் வையுங்கள். ஒட்டவேயில்லையென்றால் பாத்திர எஃகில் அடித்த கத்தி, கூருக்கு ஆசைப்பட வேண்டாம். ஒட்டினால் நல்ல எஃகு என்று அர்த்தமில்லை, அந்த ஒரு சந்தேகம் தீர்ந்தது, அவ்வளவுதான்.

வாசலில் சாணைக்காரர் நிற்கும்போது

இத்தனையும் செய்ய அங்கே நேரமிருக்காது. உள்ளேயிருந்து இரண்டு காலண்டர் தாளும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டு போங்கள். கத்தியை வாங்கியதும் பஞ்சை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தாளைப் பிடியிலிருந்து நுனிவரை வெட்டுங்கள். சக்கரத்தில் பிடித்த கத்தியில் பெரும்பாலும் பஞ்சு மாட்டும். "அண்ணா, இந்தப் பக்கம் பிசிறு நிக்குதுங்க, கைக்கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துக் குடுங்க" என்றால் போதும். சக்கரத்தோடு ஒரு சின்னக் கல்லும் வைத்திருப்பவராக இருந்தால் அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டாவது தாளை அதற்கப்புறம் வெட்டிப் பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுப்பது அதற்கும் அப்புறம். உள்ளே கொண்டுபோனதும் கத்தியை இன்னொரு தடவை கழுவிவிட்டுக் காய் நறுக்குங்கள், சக்கரத் தூள் ஒட்டியிருக்கும்.